அசோகவனத்துச் செம்பூ

யாழ்ப்பாணத்தார்க்கு இளவேனில் என்பது பெரும்பாலும் ஏட்டிலே உள்ள பருவம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற்குரிய திங்கள்கள் என்று வகுப்பிலே மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். சொல்லும்போதே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கின்றோம். வேம்பு பூப்பதும் மா காய்ப்பதும் நம்மூரிலும் உண்டுதான். ஆயினும் தென்றல் வரவேண்டிய வேளையில் நமக்கு வருவது புழுதியை வாரி இறைக்கும் சோளகக் காற்று. வசந்தம் என்ற சொல்லுக்கு ஏற்ற ஒரு பருவத்தை இத்தீவிலே கண்ணாற் காண விரும்புவோர் ஆறாயிரம் அடி உயரம் ஏறுதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் நாமும் எமது இல்லாளும் அவ்வாறு ஏறினோம். எம்மோடு கற்பிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் மலைநாட்டவர். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே பிறந்து, அங்கேயே படித்து, பட்டம் பெற்று வடக்கே உத்தியோகமாக வந்தவர். "எங்கள் அம்மாவின் பூந்தோட்டத்தை ஒருமுறை சித்திரையில் வந்து பாருங்கள்" என்று அவர் மூன்று ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகப் பஸ் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. இறம்பொடை அருவியைக் கடந்த பின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாகை குளிர் கூடுவதுபோல இருந்தது.

நுவரெலியா நகரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தலைமாட்டிலே தீவின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால, 2,524 மீற்றர். 1840களின் இறுதியில் இங்கே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டுக் காய்கறிகளையும் கால்நடைகளையும் கொண்டுவந்து வளர்க்க முயன்றார். தேசாதிபதி கிரகறி 1873இல் ஏரியை உண்டாக்கினார். நகரின் பூங்கா 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர் பெற்றது. ஏப்பிரல் மாதம் முழுவதும் இங்கே "வசந்த காலம்" என்ற பெயரால் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் மோட்டார்ப் பந்தயமும் நிகழும். நாம் சென்ற அன்று பூங்காவிலே பூக்களைவிட மக்கள் மிகுதி. பாத்திகளில் இருந்த பான்சியும் டேலியாவும் அழகு என்பதில் ஐயமில்லை. எனினும் ஒவ்வொரு பூவின் முன்னும் ஒரு குடும்பம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தமையால், பூவைப் பார்த்ததிலும் பிறர் முதுகைப் பார்த்ததே அதிகம்.

இப்பருவத்தின் காரணத்தை மாணவர் அறிந்திருத்தல் நன்று. மார்கழி வரை வடகீழ்ப் பருவ மழை. அதன்பின் தையிலும் மாசியிலும் வானம் தெளிந்து, இரவிலே தரை உறைபனி பூணும். தேயிலைக் கொழுந்துகூடக் கருகிப்போவதுண்டு. வைகாசி பிறந்து சில நாளில் தென்மேல் பருவக்காற்று மழையோடு வந்து மலர்களை அடித்து வீழ்த்தும். பனிக்கும் மழைக்கும் இடையே கிடைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதமே மலைநாட்டின் இளவேனில். அதற்குள் முளைத்து, வளர்ந்து, பூத்து முடிக்கவேண்டும்.

இந்தக் கணக்கை எமக்கு விளக்கியவர் நண்பரின் தாயார். நகரிலிருந்து உடப்புசல்லாவை வீதியிலே கந்தப்பளை. அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் இரண்டு கல் நடக்கவேண்டும். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பதினாறு வயதிற் கூடை தூக்கி, ஐம்பத்தைந்தில் இறக்கி வைத்தவர். "வாங்க தம்பி, வாம்மா. குளிர் தாங்குதா? மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று எம்மை வரவேற்றார். வாசலிலே நின்ற எமக்குத் தேநீரிற் கருத்துச் செல்லவில்லை. லயத்தின் முன்னே, முப்பதடி நீளமும் எட்டடி அகலமும் இருக்கும் ஒரு துண்டு நிலம். அதிலே இல்லாத நிறமில்லை. செவ்வந்தி மஞ்சளும் ஊதாவுமாக; டேலியா தட்டுத் தட்டாக; வேலியோரம் நீல ஹைட்ரேஞ்சியா; பழைய வர்ண வாளிகளிலும் பால்மா ரின்களிலும் கார்னேஷன்; சாக்கடை ஓரத்து ஈரத்தில் வெள்ளை லில்லி. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு மாட்டுச் சாணமும் தொழிற்சாலைத் தேயிலைக் கழிவுமே உரம்.

தை மாதத்திலே விதையைத் தகரங்களில் இட்டு முளைக்க வைக்கிறார். மாலையானதும் நாற்றுகளின்மேல் மானாப் புல்லை மெல்லப் பரப்பி மூடுவார். அப்படியும் பனி படிந்துவிட்டால், விடியற்காலையில் வெயில் ஏறுமுன் இலைகளின்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடவேண்டுமாம். "பனி சுடுறதில்ல தம்பி. பனி மேல படுற வெயில்தான் சுடுது" என்றார். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரைத் திரும்பிப் பார்த்தோம்; அவர் தலையசைத்தார்.

நாற்றைத் தரையில் நடும் நாளை அவர் கலண்டரிலே பார்ப்பதில்லை. காமன் கூத்திலே பார்க்கிறார். மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடப்படும் இக்கூத்தை வடபகுதி வாசகர் பலர் கண்டிரார். காமன் கம்பம் நட்டு, மன்மதனும் இரதியும் வேடம் பூண்டு வீடுவீடாக ஆடிவருவர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிந்துபடுவதும், இரதியின் புலம்பலும், அவன் மீண்டெழுவதும் கதை. மன்மதனுக்குத் தோழன் வசந்தன் அல்லனோ? தீயிலே மடிந்த வேந்தன் எழுந்தபின் பனிக்கு வலியில்லை என்பது அம்மாவின் கணக்கு. இரதியின் மகுடத்துக்குக் காகிதப் பூச் செய்து ஒட்டும் பொறுப்பும் நெடுங்காலம் அவரிடமே இருந்தது. கூத்து முடிந்த மறுநாள் காகிதப் பூச் செய்த கைகளாலேயே நாற்றை எடுத்து நடுவாராம்.

பூக்கள் அனைத்தும் காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும். இங்கே எம்முள் இருந்த சைவ ஆசிரியர் சற்றுத் தலைதூக்கினார். வழிபாட்டுக்குரிய மலர்களைப் பற்றியே கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என ஒரு நூல் செய்துள்ளார். டேலியாவோ மெக்சிக்கோ நாட்டுப் பூ, வாசனையும் இல்லாதது. அதனைச் சாத்தலாமோ என்று வினவினோம். அம்மா சிரித்தார். "மல்லிகையும் முல்லையும் இந்தக் குளிருல வருமா தம்பி? இங்க பூக்கிறதத்தான் இங்க இருக்கிற சாமிக்குப் போட முடியும்" என்றார். இதற்கு மறுமொழி நூலிலே தேடவேண்டுமென்று எமக்குத் தோன்றவில்லை.

வீட்டினுள்ளே சுவர் முழுவதும் தெய்வப் படங்கள். எல்லாம் கடைக்காரர் கொடுத்த கலண்டர்களிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டவை. இவ்வகைப் படங்களை நம்மவர் படித்தோர் சிலர் இகழ்வதுண்டு. நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். திருவாங்கூர் இரவிவர்மா (1848-1906) 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தெய்வங்களை ஏழையின் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். அவருக்குப்பின் கோவில்பட்டியிலே கொண்டையராஜு (1898-1976) நாடகத் திரை தீட்டிய கையால் எழுதிய முருகனும் இலக்குமியும் சிவகாசியில் அச்சாகிக் கடல் கடந்தன. அம்மாவுக்கு ஓவியர் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு தோட்டக்காரியின் கண்ணோடு அவர் படம் பார்ப்பதை எம்மால் மறக்க இயலாது. "இந்த லட்சுமியோட தாமர தண்ணியில நிக்குது. பக்கத்துல இருக்கிறவளோட தாமர அந்தரத்துல நிக்குது, தண்டே இல்ல. இத எழுதினவரு குளத்தப் பாத்தவரு. அத எழுதினவரு படத்தப் பாத்தவரு." நாற்பது மாணவரை ஓவியசாலைக்கு அழைத்துச் சென்று ஒரு நாள் முழுவதும் விளக்கினாலும் இதனைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

"இதெல்லாம் இருக்கட்டும், கோயில்ல ஒரு படம் இருக்கு, வாங்க" என்று அழைத்தார். அதற்காகவே மகன் மூலம் எம்மை வரவழைத்தார் என்பது பின்னரே தெரிந்தது.

கோயில் சிறியது. தகரக் கூரை. தெற்குச் சுவரின் உட்புறம் ஒன்பதடி நீளத்தில் அசோகவனத்துச் சீதை எழுதப்பட்டிருந்தாள். 1968இல் ஊர் ஊராகப் பெயர்ப்பலகை எழுதித் திரிந்த ஓவியர் ஒருவர், லயத்திலே தங்கி, மூன்று வேளை உணவையும் சிறு தொகையையும் கூலியாகப் பெற்று எழுதியது. அவருக்கு ஒரு தடை. அசோக மரத்தை அவரும் கண்டதில்லை, ஊராரும் கண்டதில்லை. எப்படிக் காண்பர்? அசோகு தாழ்நிலத்து ஈரக் காட்டு மரம். இந்தக் குளிர் அதற்கு ஆகாது. மூன்றாம் நாள் அவர் கோயில் வாசலில் நின்று பார்த்தபோது மலைமுகட்டிலே முறுக்கிய கிளைகளோடு ஒரு மரம் செக்கச்செவேலெனப் பூத்திருந்தது. "அது என்ன பூ?" என்று கேட்டார். அப்போது பதினெட்டு வயதினராயிருந்த அம்மா ஓடிப்போய் ஒரு கிளை ஒடித்துவந்து கொடுத்தார். சுவரிலே சீதை அமர்ந்திருப்பது அந்த மரத்தின் கீழ்தான்.

சிங்களத்திலே மகரத்மல் என வழங்கும் அம்மரம் றோடோடென்ட்ரன் இனத்தது. இமயச் சாரலிலே வளர்ந்து நேபாளத்தின் தேசிய மலராக விளங்குவதும் இந்த இனமே; அதன் இலங்கை வகை இத்தீவின் உயர்மலைகளில் மட்டும் உள்ளது. தடித்த நீண்ட இலை, இலையின் அடிப்புறத்துப் பழுப்பு, கிளை நுனியில் கொத்தாகக் கூடும் மணிகள் போன்ற செம்பூ — யாவும் சுவரிலே பிழையின்றி இருந்தன. சீதையைச் சுற்றி அரக்கியர் காவல். அவருள் ஒருத்தி கறுப்புக் கோட்டு அணிந்து கையிலே குடை பிடித்திருந்தாள். உற்று நோக்கி நாம் வியந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க பெரிய கங்காணி கொடதான் அது. அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது."

அச்சிரிப்பின் பின்னே ஒரு காலம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாகப் பங்கிட்டது. இப்படம் எழுதப்பட்ட சில ஆண்டுகளில் அம்மாவின் அண்ணன் குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிக்குப் போய்விட்டது. போகும்போது தங்கை ஈரச் சாக்கிலே சுற்றிக் கொடுத்த டேலியாக் கிழங்குகள் கோத்தகிரியிலே பூத்தன என்று கடிதம் வந்ததாம். எஞ்சியோருக்குக் குடியுரிமை முற்றாக வழிசெய்த சட்டம் 2003இல் வந்தது. கடலுக்கு அப்பால் ஒருத்தி மரத்தடியில் இருந்து ஊருக்குப் போகும் நாளை எண்ணுகிறாள் என்ற கதையை இவ்வூரார் எவ்வாறு பார்த்திருப்பர் என்பதை வாசகரே உய்த்துணர்க. எமது கல்லூரியிலே சுந்தரகாண்டம் கற்பிக்கும்போது இந்த எண்ணம் எமக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

அச்சுவர் இடிபடப் போகிறது. திருப்பணிச் சபையார் கோயிலை விரித்துக் கட்டத் தீர்மானித்துள்ளனர். புதிதாக வரவிருப்பது வசந்த மண்டபம்! தெற்குச் சுவரை நீக்கினாலன்றி அதற்கு இடமில்லை. நகரிலிருந்து வெலிமடை வீதியிற் செல்வோர் காணும் சீதாஎலிய அம்மன் ஆலயத்தில் அந்நாளில் கும்பாபிடேக ஆயத்தங்கள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. 2024 மே 19இல் அது சிறப்பாக நிறைவேறியது. பெரிய கோயில் புதுப்பொலிவு பெறுவதைக் கண்ட தோட்டத்தாருக்குத் தம் கோயிலும் அவ்வாறு விளங்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. "நீங்க படிச்சவங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசுங்க தம்பி" என்றார் அம்மா.

அன்று மாலை சபையார் கூடினர். செயலாளர் முப்பது வயதுள்ள கட்டட மேசன். இத்தகைய சுவரோவியங்கள் நாடெங்கும் சுண்ணாம்பின் கீழ் மறைந்துவருவதை நாம் எடுத்துரைத்தோம். மண்டபத்தை நாலடி தள்ளிக் கட்டலாகாதா என்றும் கேட்டோம். அவர் பணிவாக எழுந்து, எம்மை வெளியே அழைத்துச் சென்று காட்டினார். சுவருக்கு அப்பால் ஆறடியில் மலை சரிகிறது. தள்ளிக் கட்டுவதானால் பள்ளத்திலிருந்து கல்லணை எழுப்பவேண்டும். அந்த அணைக்கு ஆகும் பணம் மண்டபத்துக்கு ஆவதிலும் அதிகம். சேர்ந்திருப்பதோ ஆளுக்கு ஒருநாட் சம்பளமாகச் சேர்த்த காசு. அவர் சொன்னதிலே நியாயம் இருந்தது. மறுத்துப் பேச நம்மிடம் ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வந்து இரண்டு நாளில் திரும்பிப் போகும் ஒருவர், குளிரிலே கொழுந்து பறித்த காசை எதற்குச் செலவிடவேண்டும் என்று சொல்லுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

அப்போது அம்மா பேசினார். "மண்டபம் வேணும். வசந்த மண்டபம் இல்லாட்டி சாமி எங்க எறங்கி நிக்கும்? செவர இடிங்க. ஆனா நாங்க அத எழுதி எடுக்கிற வரைக்கும் பொறுங்க. புது மண்டபத்துல ஒரு பக்கம் அந்த மரத்துக்கு எடம் விடுங்க." முதலாவதற்குச் சபை உடனே இசைந்தது. இரண்டாவதை ஸ்தபதியாரிடம் கேட்டுச் சொல்வதாக முடிவாயிற்று.

இரண்டு நாள் என்று சென்ற நாம் ஆறு நாள் தங்க நேர்ந்தது இவ்வாறே. நண்பரின் மகள் உயர்தர வகுப்பிலே சித்திரம் படிப்பவள். கைத்தொலைபேசியிற் படம் பிடித்தால் போதாதா என்று நாம் கேட்டதற்கு, எடுத்த படத்தைப் பாட்டியிடம் காட்டினாள். "இந்தச் செவப்பு அந்தச் செவப்பில்ல" என்று அவர் தள்ளிவிட்டார். ஆகவே பழைய முறை. சுவரின்மேல் அரையடிக்கு ஒன்றாக நூல் கட்டினோம். நீளத்தில் பதினெட்டு, உயரத்தில் பன்னிரண்டு, ஆக 216 கட்டங்கள். தாளுக்கு எங்கே போவது? முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கலண்டர்த் தாள்களை அம்மா கட்டிலின் கீழிருந்து இழுத்தெடுத்தார். அவற்றின் வெள்ளைப் புறத்தை ஒட்டி இணைத்து, சிறுமி கட்டங்கட்டமாக வரைந்தாள். நாம் நூலைப் பிடித்தோம். இல்லாள் கட்டங்களுக்கு எண் இட்டார். அம்மா ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து, இலை நுனி வளைவு பிழைத்தால் உடனே நிறுத்துவார். கூந்தலையும் ஆபரணத்தையும் பற்றி அவர் கவலைப்படவில்லை. இலை, பூ, கிளை இவற்றிலே மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்.

திரும்புவதற்கு முன்னாள் காலை எம்மை முகட்டுக்கு அழைத்துச் சென்று அந்த மரத்தைக் காட்டினார். வழியெல்லாம் ஊன்றுகோலும் பேச்சுமாக ஏறினார். மரம் இன்னும் நிற்கிறது, பூவும் இருந்தது. அதன் விதை தூள்போல மிகச் சிறியது. பாசியின்மேல் தூவி, நனைத்து, நிழலில் வைத்து அவர் மூன்று கன்றுகளை எழுப்பியிருந்தார். இரண்டு ஆண்டுகளாகியும் அவை விரல் உயரமே. பூப்பதற்கு இன்னும் எத்தனையோ ஆண்டு செல்லும். "நான் பாக்கப் போறதில்ல, அதனால என்ன?" என்று சொல்லிவிட்டு, ஒரு தகரத்தை எடுத்து வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

2025ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் கழிந்து ஊரிலிருந்து திரும்பிய நண்பர் செய்தி கொண்டுவந்தார். சுவர் ஐப்பசியிலே இடிக்கப்பட்டதாம். மண்டபம் எழும்பிவிட்டது, ஸ்தபதியார் மேற்குப் பக்கத்தில் ஒரு பரப்பை வெறுமையாக விட்டுத் தந்துள்ளார். கட்டங்களை அதிலே பெயர்த்தெழுதிச் சிறுமி கோடு முடித்துவிட்டாள். வர்ணம் மட்டும் நிற்கிறது. நுவரெலியாக் கடைகளிலிருந்து வாங்கிவந்த மூன்று வகைச் சிவப்பையும் பாட்டி ஏற்கவில்லை. மரம் பூக்கட்டும், பூவைக் கையில் வைத்துக்கொண்டு குழைக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். செயலாளருக்கு வேறொரு ஐயம். புதுக் கோயிலிலும் அரக்கியின் கையிலே அந்தக் குடை இருக்கத்தான் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

"இருக்கட்டும்" என்றாராம் அம்மா.